வெந்நீர் ஊற்றங்கரையில் தாத்தாவின் பாதம்

ஆண்டுதோறும் பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "டாக்டர், விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம். அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. அவரை அழைத்துப் போகலாமா, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?" கேட்பவர் பெரும்பாலும் மகனாகவோ மகளாகவோ இருப்பார். யாரைப் பற்றிய கேள்வியோ அவரும் அருகிலேயே அமர்ந்து, மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நான் எதற்கு, நீங்கள் போய் வாருங்கள்" என்று அவர் வீட்டில் முன்பே சொல்லியிருப்பார் என்பது அம்முகத்திலேயே தெரியும்.

பெரும்பாலானோர் போகலாம், ஆனால் ஆயத்தத்தோடு போக வேண்டும் என்பதே என் விடை. அந்த ஆயத்தத்தில் நானே ஒருமுறை தவறினேன். ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குச் செய்யும் ஓர் எளிய பரிசோதனையை என் தந்தைக்குச் செய்யாமல் விட்டுவிட்டேன். அதன் விளைவை அவருடைய வலது பாதம் ஏற்றது. பயணத்துக்கு ஆயத்தமாகும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

கெலவரப்பள்ளியிலிருந்து பார்வதி ஆற்றங்கரைக்கு

எங்கள் வீடு கெலவரப்பள்ளி அணைக்கு அருகில் உள்ளது. அப்பா ஓசூர் தொழிற்பேட்டையில் முப்பதாண்டுகள் இயந்திரப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் இரும்பை விரலால் தொட்டே அதன் சூட்டை மதிப்பிடக் கூடியவர் என்று அவருடைய நண்பர்கள் இன்றும் சொல்வார்கள். நீரிழிவு நோய் அவருக்குப் பதினெட்டு ஆண்டுகளாக உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்துக்குச் செல்வதென முடிவு செய்தோம். கூடாரத்தில் தங்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. பூமியிலிருந்து தானாகப் பொங்கும் வெந்நீரைக் காண வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. தமிழர்களுக்கு வெந்நீர் ஊற்று என்றதும் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவின் ஏழு கிணறுகளே நினைவுக்கு வரும். இந்தியாவிலும் முந்நூறுக்கு மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகவும் சூடான சிலவற்றில் ஒன்று, பார்வதி ஆற்றின் கரையில் ஏறத்தாழ 1,760 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள மணிகரண்.

பெங்களூரிலிருந்து சண்டிகருக்கு விமானத்திலும், அங்கிருந்து காரில் ஒரு பகல் முழுவதும் மலைப்பாதையிலும் பயணம் செய்து, கசோலுக்கு அருகில் தேவதாரு மரங்களுக்கு நடுவே கூடாரம் அடித்த ஒரு முகாமை அடைந்தோம். நான் மருத்துவர் என்பதால் மருந்துப் பெட்டி நிறைவாக இருந்தது. இன்சுலின், சர்க்கரை அளவி, குளுக்கோஸ் பொடி, கட்டுத்துணி, காய்ச்சல் மாத்திரை என எதுவும் விடுபடவில்லை. அப்பாவின் பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் நான் சோதிக்கவில்லை. அவர் ஒருநாளும் கால் மரத்துப்போவதாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"இதமாத்தானே இருக்கு"

மணிகரணின் காட்சி எவரையும் வியக்க வைக்கும். ஒருபுறம் பனி உருகி ஓடிவரும் ஆறு. கைவைத்தால் விரல் விறைக்கும். அதன் கரையிலேயே கொதிநிலையை நெருங்கும் வெந்நீர் ஆவியோடு பொங்குகிறது. அரிசியையும் பருப்பையும் பாத்திரங்களிலும் துணி மூட்டைகளிலும் இட்டு அந்நீரிலேயே வேகவைக்கிறார்கள். இங்கு எரிமலை எதுவும் இல்லை. மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, வேறொரு பிளவின் வழியே மேலே வருகின்றன. குளிக்கும் தொட்டிகளில் தண்ணீர் கலந்து சூட்டைத் தணித்திருப்பார்கள்.

புனிதத் தலம் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். ஊற்றை ஒட்டிய கற்கள் அடியிலிருந்தே சூடேறியிருந்தன. பதினொரு வயதான என் மகள் ஒரு கல்லில் கால் வைத்ததும் துள்ளிக் குதித்து, அருகில் கிடந்த மரப்பலகையில் ஏறிக்கொண்டாள். அதே கல்லில் அப்பா அசையாமல் நின்று, அரிசி வேகும் அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, சுடுது! உங்களுக்குச் சுடலையா?" என்றாள் மகள்.

"இதமாத்தானே இருக்கு" என்றார் அப்பா.

நான் சிரித்துக்கொண்டே அவர்கள் இருவரையும் படம் எடுத்தேன். பேத்தி ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டும் தாத்தா கல்லின்மேல் நிம்மதியாக நின்றுகொண்டும் இருக்கும் அந்தப் படம் இன்றும் என் கைபேசியில் இருக்கிறது. நீரிழிவு நோயாளியின் பாதத்தைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் எனக்கு, அந்தக் காட்சியின் பொருள் அந்தக் கணத்தில் விளங்கவில்லை.

இரவு கூடாரத்துக்குள் அப்பா காலுறையைக் கழற்றினார். மகள் கைவிளக்கைத் திருப்பியபோதுதான், "தாத்தா, உங்க கால்ல பலூன் மாதிரி என்னமோ இருக்கு" என்றாள். வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலின் முன்பகுதியில், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய தீக்கொப்புளம். அதன்மேல் அவர் அன்று பிற்பகல் முழுவதும் நடந்திருக்கிறார். வலி சிறிதும் இல்லை. என் கை நடுங்கியதை அப்பா கவனித்திருக்க வேண்டும். "காலே வெந்து போயிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது போல இருக்கும்மா" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் அச்சத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது.

கொப்புளத்தை உடைக்காமல் தூய நீரால் கழுவி, கிருமி நீக்கிய துணியால் மூடினேன். மறுநாள் மேற்கொள்ளவிருந்த மலை நடையை அவருக்கு ரத்து செய்தோம். கணவரும் பிள்ளைகளும் மட்டும் போய்வர, அம்மாவும் நானும் அப்பாவோடு முகாமிலேயே இருந்தோம். ஊர் திரும்பிய பின் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. பாதத்தின் அந்தப் பகுதியில் எடை விழாத சிறப்புக் காலணி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டு, கட்டுக்குள் வைத்த சர்க்கரை ஆகியவற்றால் விரலை இழக்காமல் தப்பினார். பிந்தி வந்ததால் விரலையோ பாதத்தையோ இழந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சுடுவது ஏன் தெரிவதில்லை?

நெடுங்காலம் உயர்ந்திருக்கும் சர்க்கரை, நுண்ணிய நரம்புகளைச் சிறிது சிறிதாகப் பாதிக்கிறது. மிக நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படுவதால், கால்விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிவதுபோல் உணர்விழப்பு மேல்நோக்கிப் பரவுகிறது. சிலருக்கு எரிச்சலும் ஊசி குத்துவதுபோன்ற வலியும் இருக்கும். வேறு சிலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வலி என்ற காவலாளி ஓசையின்றி விடைபெற்றுக்கொள்வதால், "எனக்குக் காலில் தொந்தரவே இல்லை" என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள்.

தோல் வெந்துபோவதற்குத் தேவையான நேரம் சூட்டைப் பொறுத்தது. 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சுமார் 5 விநாடிகளிலேயே ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும். 50 டிகிரிக்குச் சில நிமிடங்கள் போதும். உணர்ச்சி உள்ளவர் அதற்குள் காலை இழுத்துக்கொள்வார். உணர்ச்சி இல்லாதவர், இதமாக இருக்கிறதென்று நின்றுகொண்டிருப்பார். இது வெந்நீர் ஊற்றுக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. குளிருக்கு மூட்டும் தீயருகே கால் நீட்டுவதும், வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைப்பதும், சித்திரை வெயிலில் கோவில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு நடப்பதும் இதே புண்ணைத் தரக்கூடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய தொடுதல் சோதனை

மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும் இசைக்கவையாலும் பாத உணர்ச்சியைச் சோதிக்கிறோம். கருவி எதுவும் இன்றிப் பராமரிப்பாளரே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. உங்கள் அப்பாவையோ அம்மாவையோ காலுறை இன்றிப் படுக்கவைத்து, கண்களை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் மிக மென்மையாக ஓரிரு விநாடி தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது. தொடும்போதெல்லாம் "வலது", "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுதல்களில் இரண்டையோ அதற்கு மேலோ உணரத் தவறினால் உணர்விழப்பு இருக்கக்கூடும். மருத்துவரைக் காண வேண்டும். இரண்டு நிமிடமே ஆகும் இச்சோதனையை நான் அன்று செய்திருந்தால், அப்பாவை அந்தக் கல்லில் நிற்க விட்டிருக்க மாட்டேன்.

உணர்விழப்பு உள்ளவர் வெந்நீர் ஊற்றைக் கண்டு மகிழலாம். பாதத்தை அதில் வைக்க வேண்டாம். வேறு இடங்களில் வெதுவெதுப்பான நீரில் குளிப்பதானாலும், நீரின் வெப்பம் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதனை நோயாளியின் காலோ கையோ சோதிக்கக் கூடாது. வெப்பமானியோ, நல்ல உணர்ச்சியுள்ள ஒருவரின் முழங்கையோ சோதிக்கட்டும். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் தடித்த காலுறை அணிய இசைவு உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில் பலகையோ பாயோ விரித்த வழியில் மட்டும் நடத்திச் செல்லுங்கள்.

இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும்

வெந்நீரில் அமரும்போது தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் குறைகிறது. அழுத்தத்துக்கோ புராஸ்டேட் வீக்கத்துக்கோ மாத்திரை உட்கொள்பவர் திடீரென எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும். ஆகவே உடல்நலம் சீராக உள்ள முதியவரும் பத்து நிமிடத்துக்கு மேல் அமர வேண்டாம். மெல்ல எழ வேண்டும். அருகில் ஒருவர் இருக்க வேண்டும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர், ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர், இதயச் செயலிழப்பால் மூச்சுத் திணறல் உள்ளவர், ஆறாத புண் உள்ளவர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் வெந்நீர்த் தொட்டியைத் தவிர்க்க வேண்டும். மது அருந்திய எவரும் இறங்கக் கூடாது. வெந்நீரிலிருந்து எழுந்தவுடன் பனியாற்றில் குதிக்கும் விளையாட்டு, இதய நோய் உள்ளவர்க்கு ஒவ்வாது.

இன்சுலின் போட்டவுடன் வெந்நீரில் இறங்கினால் மருந்து வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்தில் கலந்து, சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். மலை நடையும் சர்க்கரையைக் குறைக்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவு பாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கூடாரத்தில் தங்கும்போது

இன்சுலினை வெயிலிலிருந்து காப்பது அனைவரும் அறிந்ததே. மலைக்குளிரில் அது உறைந்துபோனாலும் பயனற்றதாகிவிடும். இரவில் அதனை உங்கள் உட்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விமானப் பயணத்தில் சரக்குப் பெட்டியில் இடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.

குளிருக்காகக் கூடாரத்துக்குள் கரியடுப்பை வைப்பது உயிர்க்கொல்லி. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குபவர் விழிக்காமலேயே இறந்துபோவார். கம்பளியைக் கூட்டுங்கள், கரியை உள்ளே கொண்டுவராதீர்கள்.

கூடார வாயிலின் ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். காலையில் காலணியைத் தட்டிப் பார்த்து, உள்ளே கையால் தடவிய பின் அணியுங்கள். தேள் மட்டுமன்றி, உணர்விழந்த காலுக்குச் சிறு கல்லும் பகையே. இரவில் கைவிளக்கின்றி வெளியே செல்லாதீர்கள்.

வெதுவெதுப்பான நன்னீரில் குழந்தைகள் தலையை மூழ்க வைத்து விளையாடுவதைத் தடுங்கள். இத்தகைய நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் சென்று உயிரைப் பறிக்கக்கூடும். 2024ஆம் ஆண்டில் கேரளத்தில் குழந்தைகள் சிலர் இந்நோயால் இறந்தது நினைவிருக்கும். இது மிக அரிதான நோய். ஆயினும் மூக்கில் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்வது எளிது.

புதர் நிறைந்த இடங்களில் தங்கித் திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே தங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் இமாசலத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருநிறத் தழும்பு அக்குளிலோ இடுப்பிலோ இருக்கலாம். உரிய நேரத்தில் கண்டறிந்தால் எளிய மருந்தாலேயே குணமாகும்.

முதலில் ஓர் ஒத்திகை

நெடும்பயணத்துக்கு முன் ஒருநாள் ஒத்திகை பாருங்கள். புதுக் காலணியோடு நேரே மலைக்குச் செல்லக் கூடாது. எங்கள் பகுதியில் வாழ்பவர்கள் காலை வேளையில் கெலவரப்பள்ளி அணைப் பகுதியிலேயே ஒரு மணி நேரம் நடக்கலாம். நடப்பதற்கு முன்னும் பின்னும் சர்க்கரையைப் பாருங்கள். வீடு திரும்பியதும் பாதத்தில் சிவப்போ கொப்புளமோ உள்ளதா எனப் பாருங்கள். ஆனால் அந்நீரில் கால் நனைக்க வேண்டாம். நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுகளைச் சுமந்துகொண்டே இங்கு வருகிறது. மதகிலிருந்து பாயும் நீரில் எழும் வெண்ணுரை அதன் அடையாளம். பாதத்தில் சிறு வெடிப்பு இருந்தாலும் அந்நீர் தொற்றுக்கு வழி வகுக்கும். அருகிலுள்ள சானமாவு வனப்பகுதிக்கு யானைக் கூட்டங்கள் வந்து போவதால், தனியே காட்டுக்குள் நடப்பதும் ஆகாது. மலை நடையில் விருப்பமுள்ளவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளை, எளியது முதல் கடினமானது வரை தரம் பிரித்து, வழிகாட்டிகளோடு திறந்துள்ளது. எளிய பாதை ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

சூடு பட்டுவிட்டால்

உடனே குழாய்த் தண்ணீரையோ புட்டித் தண்ணீரையோ 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். பனிக்கட்டியும் பனியாற்று நீரும் வேண்டாம். உறைகுளிரும் திசுவைச் சிதைக்கும். பற்பசை, மை, நெய், மாவு எதையும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். தூய துணியால் தளர்வாக மூடி, அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் வலியற்ற புண்ணே அதிக அக்கறைக்குரியது. தமிழ்நாட்டுக்குள் இருந்தால் 108ஐ அழையுங்கள். வேறு மாநிலத்துக்குச் செல்வதானால், தங்குமிடத்துக்கு அருகிலுள்ள மருத்துவமனையை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

அடுத்த பயணம்

புண் ஆறிய பின், "இனி நான் எங்கும் வரவில்லை" என்றார் அப்பா. பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணம் அவரை வாட்டியது. முதியோர் பலர் வீட்டிலேயே தங்கிவிடுவதற்கு நோயைவிட அந்த எண்ணமே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். ஒவ்வொரு இரவும் உணவுக்குப் பின் மகள் தாத்தாவின் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்ப்பாள், விரலிடுக்குகளைத் துடைப்பாள், தாத்தா அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். மறுஆண்டு ஏற்காட்டுக்குச் சென்றபோது அப்பாவும் வந்தார். மகள் மறக்காமல் கைவிளக்கை எடுத்து வைத்திருந்தாள்.

உங்கள் குடும்பமும் பயணம் திட்டமிட்டிருந்தால், புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னதாக வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். மருந்துச் சீட்டையும், வழக்கமாக அணியும் காலணியையும், பயணத்துக்கு வாங்கிய புதுக் காலணியையும் கொண்டுவாருங்கள். பாதப் பரிசோதனைக்குப் பத்து நிமிடம் போதும். அழைத்துப் போகலாமா என்ற கேள்வியை அப்பாவின் முன்னிலையில், அவரையும் பேசவிட்டுக் கேளுங்கள்.